'சார்' என்றால் 'அடிமை' என்று பொருளா? பட்டப்பெயர்களின் பூர்வீகம் பற்றி ஒரு கேள்வி

தேன்மொழி டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். நேற்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் வந்ததாக ஒரு செய்தியைச் சொன்னான். 'சர்' என்பது 'ஸ்லேவ் ஐ ரிமெய்ன்' என்ற மூன்று சொற்களின் முதலெழுத்தாம். 'நான் அடிமையாகவே இருக்கிறேன்' என்று பொருளாம். வெள்ளைக்காரன் நம்மை அப்படிச் சொல்லவைத்தானாம். "அப்போ நாங்க கணக்கு சாரை இனிமே எப்படிக் கூப்பிடறது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கேலிக்குக் கேட்கவில்லை, மனசு சங்கடப்பட்டுக் கேட்டான். அதனால் சரியான பதிலோடு போக வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

ஓலைச்சுவடி:
டீச்சர், அந்தப் பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள், அது கட்டுக்கதை. சொற்களின் முதலெழுத்தைக் கோத்துப் புதுச்சொல் செய்யும் பழக்கம் பரவியதே இருபதாம் நூற்றாண்டில்தான். 'சர்' எழுநூறு ஆண்டுப் பழசு. ஆங்கிலேயன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னூறு வருடம் முன்பே அவன் ஊர் வீரர்களின் பெயருக்கு முன்னால் அது இருந்தது.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'செனெக்ஸ்' என்றால் கிழவர். அதிலிருந்து 'சீனியர்', அதாவது இன்னும் வயதில் மூத்தவர். அது பிரெஞ்சில் தேய்ந்து 'சைர்' ஆனது. ஆங்கிலத்துக்கு வந்து, பெயருக்கு முன்னால் அழுத்தமில்லாமல் சொல்லிச் சொல்லி 'சர்' என்று குறுகிவிட்டது. ஸ்பானியரின் 'செஞ்ஞோர்', இத்தாலியரின் 'சிஞ்ஞோரே', பிரெஞ்சுக்காரரின் 'மொசியே' எல்லாம் அந்தக் கிழவரின் பேரன்கள்தான். 'செனட்' என்றால் முதியோர் சபை.

நம் ஊரில் 'பெரியவரே' என்று கூப்பிடுகிறோம். திருநெல்வேலிப் பக்கம் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்கிறோம். ஊர்த் தலைவனுக்கு 'மூப்பன்' என்று பெயர் இருந்தது. மூத்தவனுக்கு மரியாதை என்ற அதே எண்ணம்தான் 'சார்' என்பதற்குள்ளும் இருக்கிறது. கணக்கு சாரைப் பையன்கள் தாராளமாகக் கூப்பிடட்டும்.

வயல்காட்டான்:
ஓலைச்சுவடி ஐயா சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பையனின் சங்கடம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். நாம் லீவ் லெட்டரில் என்ன எழுதினோம்? 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்'. அடிமை நாற்றம் அதில் இல்லையா?

ஓலைச்சுவடி:
வயல்காட்டான் தம்பி, நல்ல கேள்வி. அந்த வாசகம் ஆங்கில அலுவலகக் கடிதத்தின் முடிவிலிருந்து வந்தது. 'தங்கள் மிகவும் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று முடிப்பார்கள். ஆனால் கீழிருப்பவன் மட்டும் அப்படி எழுதவில்லை. பெரிய அதிகாரியும் சாதாரண ஆளுக்கு எழுதும்போது அப்படித்தான் கையெழுத்திட்டான். அவர்களுக்கு அது வெறும் உபசாரம். நமக்கு வந்தபோது ஒரு பக்கம் மட்டும்தான் வந்தது: மாணவன் எழுதினான், தலைமையாசிரியர் திருப்பி எழுதவில்லை. உங்கள் கோபம் நியாயம். ஆனால் 'சர்' என்ற சொல்லின்மேல் அதை ஏற்றக் கூடாது.

உண்மையிலேயே பண்ணையும் பண்ணையாளும் உள்ளே இருக்கும் சொல் ஒன்று உண்டு. 'லார்ட்'. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வெயர்ட்'. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி, இன்றைய 'லோஃப்'. 'வெயர்ட்' என்றால் காவலன், இன்றைய 'வார்டு', 'வார்டன்' எல்லாம் அதன் உறவு. ஆக லார்ட் என்பவன் ரொட்டியைக் காப்பவன். ஹ்லாஃப்வெயர்ட், ஹ்லாஃபோர்ட், லோவெர்ட், லார்ட் என்று நாக்கில் உருண்டு உருண்டு ஓரசைச் சொல்லாகிவிட்டது. 'லேடி'யும் அதே அடுப்படிதான். 'ஹ்லேஃப்டியெ', ரொட்டிக்கு மாவு பிசைபவள். அதில் வரும் 'டியெ'யும் இன்றைய 'டோ' என்ற பிசைந்த மாவும் ஒரே வேர். சமஸ்கிருதத்தில் 'தேகம்' என்கிறோமே, அதுவும் அந்த வேர்தான். பிசைந்து உருவாக்கியது தேகம்.

மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு, அவனை அகராதிகூட மறந்துவிட்டது. 'ஹ்லாஃப்ஏட்டா', ரொட்டி தின்பவன். ஒருவன் வீட்டில் அண்டிப் பிழைப்பவனுக்கு அந்தப் பெயர். இங்கிலாந்தில் இருந்த கெண்ட் நாட்டு அரசன் எத்தெல்பெர்ட் சுமார் 600-இல் போட்ட சட்டத்தில் அவனுக்கு விலைகூட உண்டு: ஒரு குடியானவனின் ரொட்டி தின்பவனைக் கொன்றால் 6 ஷில்லிங் கட்ட வேண்டும். ஒருவன் காக்கிறான், ஒருத்தி பிசைகிறாள், ஒருவன் தின்கிறான். ஒரு வீட்டின் முழு அதிகாரமும் ஒரு ரொட்டியைச் சுற்றி நிற்கிறது. மூவரில் இருவர் மாளிகைக்குப் போய்விட்டார்கள். மூன்றாமவன் பெயரே அழிந்துபோனது.

தேன்மொழி டீச்சர்:
ஐயா, படித்ததும் 'படியளக்கிறவர்' என்ற நம் சொல் நினைவுக்கு வந்தது. என் பாட்டி ஆண்டவனையும் அப்படித்தான் சொல்வார், பெரிய பண்ணை முதலாளியையும் அப்படித்தான் சொல்வார். எங்களுக்கு அரசாங்கம் தரும் 'அகவிலைப்படி'யில் இன்னும் அந்தப் படி இருக்கிறது. பெருஞ்சோறு அளித்ததற்காகவே ஒரு சேர மன்னனுக்குப் பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் என்று பெயர். ரொட்டி தின்பவனுக்கு நாம் 'செஞ்சோற்றுக்கடன்' என்று ஒரு பெரிய தர்மத்தையே வைத்திருக்கிறோம், கர்ணன் அதற்காகவே செத்தான்.

வயல்காட்டான்:
டீச்சர், இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிராசுப் பண்ணையில் ஆளாக இருந்தவர். அறுப்பு முடிந்து களத்தில் கூலி அளப்பதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். துண்டை விரித்துக் குனிந்து நிற்க வேண்டும். மரக்காலில் நெல்லை அள்ளி, தலையைக் கையால் வழித்துவிட்டுத்தான் கொட்டுவார்கள். பண்ணைக்குப் பாக்கி வாங்கும்போது அதே மரக்காலில் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். ஒரே மரக்கால்தான். கொடுக்கும்போது ஒரு அளவு, வாங்கும்போது ஒரு அளவு.

அதனால்தான் கேட்கிறேன். 'ரொட்டியைக் காப்பவன்' என்று பெயர் வைத்தது யார்? உழுததும் விதைத்ததும் அறுத்ததும் யார்? ரொட்டி தின்பவன் என்று பெயர் வாங்கினவன்தான் ரொட்டியை உண்டாக்கினவன். காப்பது என்றால் பூட்டி வைப்பது. அந்தச் சொல் மாளிகைப் பக்கத்திலிருந்து பிறந்த சொல், களத்துப் பக்கத்திலிருந்து அல்ல. 'படியளக்கிறவர்' என்பதும் அப்படித்தான். டீச்சர் பாட்டி மனசார நன்றியோடு சொல்லியிருப்பார், தப்பில்லை. ஆனால் எங்கள் தாத்தா அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஓலைச்சுவடி:
தம்பி, இதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. 'வெயர்ட்' என்பதை இத்தனை நாளும் 'பாதுகாப்பவன்' என்றே படித்துவந்தேன். 'பூட்டி வைத்திருப்பவன்' என்று படித்தாலும் சொல் அப்படியே பொருந்துகிறது. நீங்கள் சொன்ன மரக்கால் என் மனதை விட்டுப் போகாது.

கீழைக்காற்று:
எல்லாரும் லத்தீன், பழைய ஆங்கிலம் என்று போகிறீர்கள். 'கிங்' தமிழ்தானே? கோ, கோன். ஸ்காண்டினேவிய மொழியில் அரசன் 'கோனுங்ர்'. கோன் என்று காதில் விழவில்லையா? நாம் ஏன் இதை உரக்கச் சொல்லத் தயங்குகிறோம்? தமிழ்ப்பற்று இருந்தால் போதும், உண்மை கண்ணுக்குத் தெரியும்.

ஓலைச்சுவடி:
கீழைக்காற்று அண்ணா, உங்களுக்குக் குறையாத பற்று எனக்கும் உண்டு. அதனாலேயே இதில் கவனமாக இருக்க விரும்புகிறேன். தப்பான ஒரு உதாரணத்தைத் தூக்கிப்பிடித்தால், நாளை சரியானதைச் சொல்லும்போதும் யாரும் கேட்க மாட்டார்கள்.

'கிங்' என்ற சொல்லின் பழைய உருவம் நமக்கு அதிர்ஷ்டவசமாகப் பத்திரமாகக் கிடைக்கிறது. பின்லாந்துக்காரர்கள் பழைய ஜெர்மானிய மக்களிடம் அதைக் கடன் வாங்கி, ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறார்கள்: 'குனிங்காஸ்'. கடன் வாங்கினவன் பாதுகாத்தான், உரிமைக்காரன் தேய்த்துவிட்டான். ஆங்கிலத்தில் அது 'கியுனிங்' ஆகி 'கிங்' ஆனது. இதைப் பிரித்தால் 'குனி' என்பது குலம், இன்றைய 'கின்'. 'இங்' என்பது 'அதைச் சேர்ந்தவன், அதில் பிறந்தவன்' என்று பொருள் தரும் விகுதி. குலத்தில் பிறந்தவன் கிங். 'கோனுங்ர்' என்பதிலும் இதே இரண்டு துண்டுகள்தான். 'கோன்' என்று கேட்பது, சொல் அந்த இடத்தில் இரண்டு துண்டாகப் பிரிவதால்.

இந்தக் 'கின்' சமஸ்கிருத 'ஜன'த்தோடு உறவு. இதற்கு விதி இருக்கிறது. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கி வைத்தார்: மற்ற உறவுமொழிகளில் 'க' ('கங்கை'யின் முதலெழுத்து போல), 'ஜ' என்று மெல்ல ஒலிப்பது, ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் வல்லின 'க்' ஆகும். ஆஜானுபாகு என்கிறோமே, முழங்கால் வரை நீண்ட கைகள். அந்த 'ஜானு'தான் ஆங்கில 'நீ', முழங்கால். எழுதும்போது முன்னால் இன்னும் ஒரு 'கே' நிற்கிறது. ஞானத்தின் வேரும், 'அறி' என்று பொருள்படும் ஆங்கில 'நோ'வும் அப்படியே. ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல், நூறு சொல் ஒரே விதியில் ஒத்துப்போனால் உறவு. நம் 'கோ' தனியாக, தன் காலில் நிற்கும் சொல். அதற்கு இன்னொரு மொழியின் சிம்மாசனம் தேவையில்லை.

'குயின்' இன்னும் அழகு. நாம் அரசனிலிருந்து அரசி செய்கிறோம், ஜெர்மன்காரன் 'க்யோனிக்'கிலிருந்து 'க்யோனிகின்' செய்கிறான். ஆங்கிலத்தில் குயினுக்கும் கிங்குக்கும் சொல்லளவில் சொந்தமே இல்லை. 'க்வேன்' என்றால் வெறுமனே பெண், மனைவி. கிரேக்கத்தில் அதே சொல் 'கினே'. நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் 'கைனகாலஜி' என்று படிக்கும்போது அந்தக் கினேயைத்தான் படிக்கிறீர்கள். ராணியின் பெயரும் மகளிர் மருத்துவ வார்டின் பெயரும் ஒரே வேரில் பிறந்தவை.

கீழைக்காற்று:
விதியோடு சொன்னதால் ஏற்றுக்கொள்கிறேன். கோபமில்லை. துண்டு எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு இன்று கிடைத்த பாடம்.

ஏட்டு மகன்:
நான் இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. அப்பா போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். கான்ஸ்டபிள் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், வாசித்துக் காட்டுகிறேன்.

நூலகவாசி:
அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் வகித்த பதவி ஒரு காலத்தில் பிரான்ஸின் ராணுவத்தையே நடத்திய பதவி. லத்தீனில் 'கோமெஸ் ஸ்டாபுலி', அதாவது லாயத்தின் அதிபதி. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் அரண்மனைக் குதிரைகளுக்குப் பொறுப்பானவர். குதிரை கையில் இருந்தால் படை கையில் இருக்கும். பிரான்ஸில் கான்ஸ்டபிள் என்பவர் அரசனுக்கு அடுத்த படைத்தலைவர் ஆனார். அந்தப் பதவிக்கு இருந்த பலத்தைப் பார்த்து 1627-இல் பிரெஞ்சு முதலமைச்சர் ரிஷ்லியூ அதை ஒழித்தே விட்டார். இங்கிலாந்தில் 'லார்ட் ஹை கான்ஸ்டபிள்' இன்றும் முடிசூட்டு நாளன்று மட்டும் நியமிக்கப்படுகிறார். இன்னொரு பக்கம் அதே சொல் ஊர்க்காவலுக்கு இறங்கியது. 1829-இல் லண்டன் போலீஸ் அமைந்தபோது கடைநிலைக் காவலருக்கே அந்தப் பெயர். அங்கிருந்து நம் ஊருக்கும் வந்தது.

இதற்கு நேரெதிர் பயணம் 'மார்ஷல்'. பழைய ஜெர்மானியத்தில் 'மார்ஹ்' குதிரை, 'ஸ்கால்க்' வேலைக்காரன். தமிழில் சொன்னால் அச்சு அசலாகக் குதிரைச் சேவகன். மாணிக்கவாசகர் கதையில் ஈசன் எந்த வேடத்தில் மதுரைக்கு வந்தாரோ, அந்த வேடத்தின் பெயர். லாயத்தில் சாணி அள்ளியவன் பெயர் ஏறி ஏறி 'ஃபீல்டு மார்ஷல்' ஆனது. 1973-இல் அந்தப் பட்டம் பெற்று, கடைசிவரை குன்னூரில் வாழ்ந்த மானெக்‌ஷாவை நீலகிரிக்காரர்கள் அறிவார்கள். ஒரே லாயத்திலிருந்து இரண்டு சொற்கள் கிளம்பின. அதிபதி இறங்கினார், சேவகன் ஏறினான்.

ஏட்டு மகன்:
வாசித்துக் காட்டினேன். "லாயத்து அதிபதியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் அவருடைய பழைய பெல்ட்டை எடுத்துவரச் சொன்னார், பித்தளை வில்லையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருக்கிறார். நன்றி.

ஓலைச்சுவடி:
ஏறியதும் இறங்கியதும் என்று பேச்சு வந்ததால் ஒரு ஜோடி. பழைய ஆங்கிலத்தில் பையனுக்கு இரண்டு சொல்: 'க்னிஹ்ட்', 'க்னாவா'. முதல் பையன் 'நைட்' ஆகி, அரசன் வாளால் தோளைத் தொட்டுப் பட்டம் தரும் வீரனானான். இரண்டாவது பையன் 'நேவ்' ஆகி அயோக்கியனானான். ஜெர்மனியில் முதல் பையனின் அண்ணன் 'க்னெஹ்ட்' இன்றுவரை பண்ணை வேலையில்தான் இருக்கிறான்.

'சியோர்ல்' என்று இன்னொரு சொல். சுதந்திரக் குடியானவன். எத்தெல்பெர்ட் சட்டத்தில் ரொட்டி தின்பவனை வைத்திருந்தவன் இவன்தான். பிறகு ஆங்கிலத்தில் 'சர்ல்' என்றால் முரடன் என்றாகிவிட்டது. அதே சொல்லின் ஜெர்மானிய உருவம் 'கார்ல்'. ஒரு பேரரசனுக்கு அந்தப் பெயர் இருந்தது, ஷார்லமேன். அவன் பெயரையே ஸ்லாவிய மொழிகள் 'அரசன்' என்ற பொதுச்சொல்லாக எடுத்துக்கொண்டன: ரஷ்யனில் 'கரோல்', போலிஷில் 'க்ரூல்'. இன்றைய பிரிட்டிஷ் மன்னர் சார்லஸின் பெயரும் அதுவே. குடியானவன் என்று பொருள்படும் பெயரை முடி சூடியவர் வைத்திருக்கிறார்.

வயல்காட்டான்:
'வில்லன்' விட்டுப்போயிற்று. லத்தீனில் 'வில்லா' என்றால் பண்ணை வீடு. அந்தப் பண்ணையில் கட்டுண்டு உழைத்தவன் 'வில்லானுஸ்'. நிலத்தோடு சேர்ந்தே கைமாறியவன். அவன் பெயரைத்தான் கெட்டவனுக்கு வைத்தார்கள். நம் சினிமாவில் வில்லன் என்றால் பெரும்பாலும் பண்ணையார். சொல்லின் கதைப்படி வில்லன் பண்ணையாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இழையில் யாரும் எடுக்கவில்லை என்பதால் நானே எடுக்கிறேன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், படிநிலையைக் குறிக்கும் சொல் ஒன்று இருக்கிறது. 'பரையா'. பறை முழக்கிய மக்களின் பெயர். ஆங்கிலப் பத்திரிகைகளில் உலகம் ஒதுக்கிவைத்த நாட்டுக்கு அந்தப் பெயரைப் போடுகிறார்கள். தெருநாய்க்கும் அதைப் போட்டார்கள். லார்ட், கிங் என்று பேசும்போது நமக்குச் சுவையாக இருக்கிறது. அந்தச் சொல்லைப் பேப்பரில் பார்க்கும்போது சில வீடுகளில் தட்டில் இருக்கும் சோறு இறங்குவதில்லை. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொருள் தெரியாமல் எழுதுகிறார்கள். டீச்சர், பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பாடத்திலோ பேப்பரிலோ பார்த்துக் கேட்டால், அது யாருடைய பெயர் என்று சொல்லிக்கொடுங்கள். பறை என்பது கருவி, தாளம், கலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேன்மொழி டீச்சர்:
கட்டாயம் சொல்கிறேன் தம்பி. பறை அடிக்கும் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள், ஆண்டு விழாவில் அவர்கள் அடித்தால் நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

நூலகவாசி:
டீச்சர் நாளை வகுப்புக்குப் போகிறார் என்பதால் மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'டியூக்' லத்தீன் 'டுக்ஸ்', நடத்திச் செல்பவன். இங்கிலாந்தில் முதல் டியூக் 1337-இல், அரசர் மூன்றாம் எட்வர்டு தன் மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினார். 'மார்க்விஸ்' எல்லைப்புறத்தைக் காப்பவன். 'கவுண்ட்' அரசனின் கூட இருப்பவன், தோழன். கான்ஸ்டபிளில் வரும் 'கோமெஸ்' அதேதான். 'ஏர்ல்' மட்டும், பிரெஞ்சு பேசிய நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தின்மேல் படையெடுத்ததற்கு முந்திய ஊர்ச்சொல், அதற்குப் பெண்பால் கிடையாது. அதனால் ஏர்லின் மனைவிக்குக் 'கவுண்டஸ்' என்று பிரெஞ்சுக் கிளையிலிருந்து பெயர் எடுத்தார்கள். 'வைகவுண்ட்' துணைக் கவுண்ட், 'வைஸ்ராய்' துணை அரசன். 'பேரன்' என்ற ஆங்கிலப் பட்டம் ஆரம்பத்தில் வெறும் ஆளைத்தான் குறித்தது.

'கவர்னர்' எனக்குப் பிடித்தது. கிரேக்கத்தில் கப்பலின் சுக்கான் பிடிப்பவன். நம்மிடம் அதற்கு 'மீகாமன்' என்று அருமையான சொல் இருக்கிறது.

'மினிஸ்டர்' லத்தீன் 'மினுஸ்' வழி வந்தது: குறைந்தவன், ஏவல் செய்பவன். அதற்கு எதிர்ச்சொல்லாக, 'மாகிஸ்' என்ற 'அதிகம்' வழியாக வந்தது 'மாகிஸ்டர்', இன்றைய 'மாஸ்டர்'. சொல்லை மட்டும் எடைபோட்டால் டெய்லர் மாஸ்டரும் டீ மாஸ்டரும் மினிஸ்டரைவிடக் கனம்.

தேன்மொழி டீச்சர்:
வகுப்பு முடிந்து வந்துவிட்டேன். 'சர்' கதையைச் சொன்னதும் கேள்வி கேட்ட பையன் எழுந்து, "அப்போ கணக்கு சார் கிழவரா மிஸ்?" என்றான். மூத்தவர் என்றேன். ரொட்டிக் கதையைப் பலகையில் எழுதிப் போட்டேன். ஹ்லாஃப்ஏட்டா என்ற பெயரை அழிக்க விடாமல் ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். மரக்கால் கதையையும் சொன்னேன், தாத்தா பெயர் தெரியாததால் 'ஒரு தாத்தா' என்று. பின்பெஞ்சில் ஒருவன், பஸ் ஸ்டாண்டு டீக்கடை மாஸ்டரின் மகன், 'மாஸ்டர்' வேரை மூன்று முறை உரக்கச் சொன்னான்.

மணி அடித்தபிறகும் ஒரு கேள்வி மிச்சம். "உங்களை மிஸ்னு கூப்பிடறோமே, அது என்ன மிஸ்?" எனக்கு உடனே வரவில்லை.

ஓலைச்சுவடி:
'மிஸ்ட்ரெஸ்' என்பதன் முதல் துண்டு, டீச்சர். மாஸ்டரின் பெண்பால். 'மிஸ்', 'மிஸஸ்' இரண்டும் அதிலிருந்து ஒடிந்தவை. அந்த டீ மாஸ்டரின் மகனிடம் முதலில் சொல்லுங்கள்.